வலது இருக்கை

கிருபாசங்கர் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகும் விமானம் லேசாகவில்லை.

ஜெனிதாவுக்கு அது உடம்பில்தான் முதலில் தெரிந்தது. இத்தனை நாளும் பயிற்சி முடிந்து அவர் வலது பக்கம் இறங்கும்போதெல்லாம், அந்தச் சின்ன இரண்டு சீட்டு விமானம் ஒரு குலுங்கு குலுங்கி, அந்தப் பக்கத்து இறக்கை நாலு விரல் அளவு மேலே எழும். இன்றைக்கும் குலுங்கியது, எழுந்தது. ஆனால் அவர் கதவின் கொண்டியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளுக்குள் இறக்கை மறுபடியும் மெதுவாகத் தணிந்தது. யாரோ தயங்கித் தயங்கி, வலிக்காமல் உட்கார்ந்ததைப்போல.

"ஏனுங்க மேடம், கை நடுங்குதா?" என்றார் கிருபாசங்கர், இன்ஜின் சத்தத்துக்கு மேலே.

"இல்லீங்க சார்."

"ஒரே ஒரு ரவுண்டுதான். ஏறுங்க, ஸ்ட்ரிப்பைச் சுத்தி வாங்க, இறங்குங்க. இத்தனை நாள் நான் பக்கத்துல சும்மாதான உக்காந்துட்டு வந்தேன்? ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. நான் எம்பது கிலோ. நான் இல்லைன்னா வண்டி பொசுக்குனு மேல ஏறிப்போடும். அதுக்குப் பயந்துக்காதீங்க."

அவர் தன் ஹெட்போனைச் சீட்டுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டியிருந்தார். காலி சீட்டின் பெல்ட் பறக்கும்போது துள்ளி, அந்தப் பக்கத்து ஓட்டும் ஸ்டிக்கில் சிக்கிவிடக் கூடாது என்று அதையும் இழுத்துப் பூட்டியிருந்தார். மெத்தையை ஒட்டிப் பட்டையாகக் கிடந்தது பெல்ட். ஜெனிதா அதை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு இன்ஜின் வேகத்தைக் கூட்டும் திராட்டிலை முன்னே தள்ளினாள்.

பல்லடத்துக்குத் தெற்கே, தாராபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மில்காரர் ஒருவர் போட்டுவைத்த செம்மண் ஓடுதளம் அது. முந்தின நாள் இரவு தூறல் விழுந்திருந்தது. ஈர மண் வாசமும் பெட்ரோல் வாசமும், எங்கோ தென்னை மட்டை எரிகிற புகையும் கலந்து காக்பிட்டுக்குள் வந்தன. காலை ஆறரை மணி. கிழக்கே காற்றாலைகளுக்குப் பின்னால் சூரியன் இன்னும் முழுதாக ஏறவில்லை. ஓடுதளத்தின் ஓரம் வெள்ளையடித்த டிரம்கள் வரிசையாக நின்றன. கிருபாசங்கரோடு ஓடும்போது விமானம் மூன்றாவது டிரம்மைத் தாண்டித்தான் மண்ணை விடும். தனியாக ஓடினால் முதல் டிரம்மிலேயே எழும்பிவிடும் என்று அவர் சொல்லியிருந்தார்.

முதல் டிரம் போனது. சக்கரம் மண்ணில்தான் இருந்தது.

இரண்டாவது டிரம்மில் எழும்பியது.

ஈர மண், அதனால்தான் என்று ஜெனிதா தனக்குச் சொல்லிக்கொண்டாள். மண் சக்கரத்தைப் பிடித்திருக்கும். ஆனால் காற்றில் ஏறிய பிறகும் ஸ்டிக்கைச் சற்றே இடப்பக்கம் பிடித்துக்கொண்டால்தான் விமானம் நேராக நின்றது. வலது பக்கம் ஏதோ பாரம் இழுத்தது. எண்பது கிலோ இல்லை. அவ்வளவு இல்லை. அவள் கைக்கு எடை தெரியும். ஐம்பது. ஐம்பத்திரண்டு இருக்கலாம்.

அந்த எண் ஏன் வந்தது என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

கீழே தென்னந்தோப்புகள் விரிந்தன. கோழிப்பண்ணைக் கூரைகள், வாய்க்கால், நடுவில் கறுப்பாக வாய் திறந்த கிணறுகள். இதைப் பார்க்கத்தான் அவள் வந்தாள். கோயம்புத்தூரில் ராமநாதபுரத்து வீட்டின் உள்ளறையில் ஆறு வருடம் இருந்தவள். அவிநாசி ரோட்டில் லாரி மோதிக் கணவர் வின்ஸ்டனுக்கு முதுகுத் தண்டு போன நாளிலிருந்து, கல்லூரி ஆய்வக வேலை முடிந்ததும் நேராக அந்த அறைக்குத்தான் வருவாள். துடைக்க, மாற்ற, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்க. பீளமேட்டில் இறங்கப் போகும் விமானங்கள் சில நேரம் கூரைக்கு மேலே தாழ்வாகப் போகும். அப்போது அவள் கை தானாக நிற்கும்.

வின்ஸ்டன் மார்ச் மாதம் போனார். ஜூலையில் அவள் இங்கே பெயர் கொடுத்தாள். "நாப்பத்தியொரு வயசுல, எங்கண்ணன் போயி வருசம்கூட ஆகலை, உங்களுக்கு இதென்ன ஆசை அண்ணி?" என்று கேட்ட நாத்தனார் ரூத் அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஜெனிதா கவலைப்படவில்லை. முதல்முறை சக்கரம் மண்ணை விட்டபோது, ஆறு வருடமாக நெஞ்சுக்குள் அடைத்திருந்த ஏதோ ஒன்று கீழேயே தங்கிவிட்டதுபோல் இருந்தது.

ஐந்நூறு அடியில் இடப்பக்கம் திரும்பினாள். காதுக்குள் கரகரப்பு வந்து, கீழே ஓடுதளத்தோரம் நின்ற கிருபாசங்கரின் குரல் வயர்லெஸ்ஸில் கேட்டது. "நல்லாத் திரும்பினீங்க மேடம். அப்படியே போங்க."

"சரிங்க சார்."

குரல் நின்றது. கரகரப்பும் நின்றது.

பிறகு மூச்சுச் சத்தம்.

அதற்கு முன்னால் எந்தக் கரகரப்பும் இல்லை. அதனால் அது கீழே இருந்து வரவில்லை. விமானத்துக்குள் அருகருகே இருக்கும் இரண்டு ஹெட்போன்களுக்கு மட்டும் தனி இணைப்பு ஒன்று உண்டு. வாய்க்கு அருகே சத்தம் வந்தால் மைக் தானாகத் திறக்கும். இல்லையென்றால் மூடியே இருக்கும். கொக்கியில் தொங்குகிற மைக்கில் காற்று பட்டிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் கதவுகள் சாத்தியிருந்தன. காற்று இப்படி விட்டு விட்டு அடிக்காது. நீளமாக ஒரு இழுப்பு. இரண்டு குட்டை மூச்சு. ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில், அடுத்தது வருமா வராதா என்று கேட்பவரையும் மூச்சைப் பிடிக்கவைக்கிற ஒரு வெறுமை. பிறகு மறுபடி நீளமாக ஒரு இழுப்பு.

ஜெனிதா ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள்.

அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். மார்ச் மாதம் அந்த ராத்திரி, பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, விடியும்வரை அவள் கேட்டது அதைத்தான். எல்லோரிடமும் அசந்து தூங்கிவிட்டேன் என்றாள். டாக்டரிடம், ரூத்திடம், ஜெபத்துக்கு வந்த பாஸ்டரிடம். ஆறு வருட அலுப்பு, பாவம், என்றார்கள். அவள் தூங்கவில்லை. மூச்சு மாறியபோதே தெரிந்துவிட்டது. எழுந்து திருப்பிப் போட்டு, சளியை உறிஞ்சி எடுத்திருந்தால் இன்னும் சில வருடங்கள் இருந்திருப்பார். கூப்பிடவும் கூப்பிட்டார். அவள் கண்ணை மூடியபடியே கிடந்தாள்.

வாசம் வந்தது. பெட்ரோல் வாசம் இல்லை. பவுடர். ஸ்பிரிட். அவற்றுக்கு அடியில், எவ்வளவு பவுடர் போட்டாலும் மறையாத, படுக்கைப் புண்ணின் இனிப்பான வாசம்.

வலப்பக்கம் திரும்பக் கூடாது என்று தலையைப் பிடித்துவைத்தாள். கண் மட்டும் தாழ்ந்து போனது.

பெல்ட் மெத்தையை ஒட்டிக் கிடக்கவில்லை. மேலே எழும்பி வளைந்திருந்தது. உள்ளே இடுப்பு ஒன்று இருந்தால் எப்படி வளையுமோ அப்படி. மூச்சுக்கு ஏற்ப ஏறியது. இறங்கியது. நின்றது. ஏறியது.

ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு திருப்பம். அவ்வளவுதான். இரண்டே திருப்பம், பிறகு மண். அவள் வாய்க்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள். வரிகள் குழம்பின.

இரண்டு ஸ்டிக்குகளும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டப்பட்டவை. அவள் அசைத்தால் வலது ஸ்டிக்கும் அசையும். அது இயல்பு. இப்போது அவள் கையை அசைக்கவில்லை. வலது ஸ்டிக் அசைந்தது. பிறகுதான் அவள் கைக்குள் இருந்தது அசைந்தது.

"ஜெனி."

காதுக்குள். மிக அருகே. சளி கட்டிய குரல்.

"ஜெனி... திருப்பி உடு."

ஸ்டிக் வலப்பக்கம் சாய்ந்தது. இறக்கை சரிந்தது. வலது ஜன்னல் முழுக்கப் பூமி வந்து நிரம்பியது. தென்னங்குலைகள். கூரை. கிணறு. கிணற்றின் அடியில் துளி வெளிச்சம்.

இரண்டு கையாலும் இடப்பக்கம் இழுத்தாள். வரவில்லை.

"மேடம், ஏன் வலப்பக்கம் சாயறீங்க?" கரகரப்போடு கிருபாசங்கர். "லெவல் பண்ணுங்க. மேடம்? கேக்குதுங்களா? ஜெனிதா!"

"திருப்பி உடு ஜெனி."

உயரம் ஐந்நூறு. நானூற்று ஐம்பது. பெல்ட் அவள் தோளை அறுத்தது. கிணறு பெரிதானது.

"கேட்டுதுங்க," என்றாள் ஜெனிதா. அவள் குரல் அவளுக்கே யாருடையதோபோல் இருந்தது. "அன்னிக்கும் கேட்டுது. நான் முழிச்சுட்டுத்தான் இருந்தனுங்க. என்னால முடியலைங்க. ஒரு தடவைகூட இனி எந்திரிக்க முடியாதுன்னு ஆயிப்போச்சு."

மூச்சு நின்றது. அந்த வெறுமை. நீண்டது.

நானூறு.

அவள் இழுப்பதை விட்டாள். ஒரு கையை ஸ்டிக்கிலிருந்து எடுத்தாள். பார்க்காமல் வலப்பக்கம் நீட்டினாள், ஆறு வருடம் இருட்டில் நீட்டிய அதே உயரத்துக்கு.

தோள் இருந்தது.

சூடாக. ஈரமாக. எலும்பு அவள் உள்ளங்கையில் அதன் இடத்தில் வந்து பொருந்தியது.

"திருப்பறேனுங்க," என்றாள். "மெதுவா. இந்தப் பக்கம். இங்க வாங்க."

தோளைத் தன் பக்கம் இழுத்தாள். பாரம் அவளை நோக்கிப் புரண்டது. ஸ்டிக் இளகியது. இறக்கை நிமிர்ந்தது. பிறகு, அவள் நினைத்த அதே இடத்தில், இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. காதுக்குள் ஒரு நீண்ட, நிம்மதியான மூச்சு.

கடைசித் திருப்பம். எதிரே செம்மண் கோடு. அவள் தோளை விடவில்லை, திராட்டிலைக் குறைக்க எடுத்த அந்த ஒரு நொடி தவிர. சக்கரங்கள் மண்ணைத் தொட்டது தெரியவே இல்லை. அவ்வளவு பூப்போல அவள் இதுவரை இறக்கியதில்லை.

இன்ஜினை நிறுத்தினாள். மின்சாரத்தை அணைத்தாள். காதுக்குள் எதுவும் இல்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் கழித்து வலப்பக்கம் பார்த்தாள்.

காலி சீட். பெல்ட் பட்டையாக மெத்தையை ஒட்டிக் கிடந்தது. வெளியே ஏதோ குருவி கத்தியது. ஜெனிதாவுக்கு அழுகை வந்தது. கதவைத் திறந்து, காலைக் கீழே வைத்தாள்.

முழங்கால் மடங்கியது. விமானத்தின் ஓரத்தைப் பிடித்து நிமிரப் பார்த்தாள். நிமிர முடியவில்லை. கழுத்தைச் சுற்றி ஏதோ இறுகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்கவைக்கக் கட்டிலிலிருந்து தூக்கும்போது வின்ஸ்டன் இரண்டு கையையும் அவள் கழுத்தில் கோத்துக்கொள்வார். அவரை முதுகில் சாத்திக்கொண்டு குளியலறைவரை நடப்பாள்.

அவள் நடந்தாள். நிற்பதைவிட நடப்பது சுலபமாக இருந்தது.

ஓடுதளத்தின் மறுகோடியிலிருந்து கிருபாசங்கர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் மெக்கானிக் அங்கப்பன், ஒரு வாளித் தண்ணீரோடு. தனியாகப் பறந்து இறங்கியவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம்.

"நடுவுல ஒரு நிமிஷம் எனக்கு உசுரே போயிருச்சுங்க!" கிருபாசங்கர் மூச்சு வாங்கச் சிரித்தார். "ஆனா என்ன லேண்டிங்! சாதிச்சுப்போட்டீங்க மேடம்! ஏனுங்க, ஏன் இப்படிக் குனிஞ்சு நடக்கறீங்க? முதுகு பிடிச்சுக்கிச்சா?"

அவள் பின்கழுத்தில் ஈரமாக மூச்சு பட்டது. நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு.

அங்கப்பன் சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கியவர், தூக்கிய நிலையிலேயே நின்றார். அவர் ஜெனிதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், தரையைப் பார்த்தார். வாளி கையிலிருந்து நழுவி விழுந்தது. தண்ணீர் செம்மண்ணில் ஓடியது.

"அம்மணி," என்றார்.

ஜெனிதா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

விமானத்தின் கதவிலிருந்து அவள் நிற்கும் இடம்வரை, ஈர மண்ணில் அவளுடைய செருப்புத் தடம் ஆழமாகப் பதிந்து வந்திருந்தது. அந்தத் தடத்தின் மேலேயே, எங்கும் விட்டுப்போகாமல், இரண்டு கோடுகள். கால் விரல்கள் தரையில் இழுபட்டு வந்த கோடுகள். அவள் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் வந்து நின்றிருந்தன.

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

கோடுகள் ஒரு அடி நீண்டன.