கனமான புரதம்

"கிட்ட வராதீங்க சார்," என்று வாசலுக்கு வெளியிலேயே நின்றாள் அற்புதம். நாகலூர் சாலையில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் கூட்டித் துடைப்பவள் அவள். வலது கை விரல்கள் கொப்புளித்திருந்தன.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஞானசுந்தரம் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "உக்காரு கண்ணு. என்ன நடந்துச்சு?"

"ஐசோடோப்பு குப்பியை ஒடச்சுட்டனுங்க. கதிர் ஒடம்புல ஏறிருச்சாம். யாருகிட்டயும் சொல்லாம ஊரை விட்டுப் போயிருன்னு லேப் அசிஸ்டெண்ட் ராஜேந்திரன் சார் சொல்றாருங்க. நேத்துல இருந்து கொழந்தைக்குப் பால் குடுக்கலைங்க. ஊட்டுக்குள்ள நொம்ப அழுவுது. நான் வெளியவே நிக்கறனுங்க."

ஜீப் ஓட்டும் நண்பர் லூர்துராஜ் மெல்லப் பின்வாங்கினார்.

"குப்பி எங்க இருந்துச்சு?"

"பொகையுற பொட்டியிலங்க. கிளவுசு வேண்டாம், சட்டுனு எடுன்னாரு. நெருப்பாட்டம் சுட்டுச்சு, நழுவிருச்சு."

"கண்ணாடித் துண்டைப் பொறுக்கினது?"

"அவருதானுங்க. வெறுங்கையில."

ஞானசுந்தரம் செருப்பை மாட்டினார். "லூர்து, வண்டியை எடு. நீயும் ஏறு கண்ணு."

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் டாக்டர் சிங்கராயர் விளக்கினார். "உடைஞ்ச குப்பியில இருந்தது மனிதப் புரதம். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள்ள வெச்சு அதைச் செய்ய வைப்போம். தீனியா கனமான நைட்ரஜன் ஐசோடோப்பு உள்ள உப்பு கொடுப்போம், புரதமும் கனமாயிடும். அதைச் சோதனைக்குப் பெங்களூருக்கு அனுப்ப இருந்தோம். கதிர்வீச்சு துளிகூடக் கிடையாது."

அற்புதம் முன்னால் வந்தாள். "அப்பப் பால் குடுக்கலாமுங்களா?"

"தாராளமா குடும்மா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"அந்தக் கனமான உப்பைப் பார்க்கலாமா?" என்றார் ஞானசுந்தரம்.

சிங்கராயர் அலமாரியைத் திறந்தார். உப்புக் குப்பியைக் கையில் எடுத்தவர் திகைத்தார். சீல் உடைக்கப்படவே இல்லை.

"வெறுங்கையில பொறுக்கினவருக்குக் கதிர் இல்லைன்னு நல்லாத் தெரியும்," என்றார் ஞானசுந்தரம், மூலையில் நின்ற ராஜேந்திரனைப் பார்த்து. "தெரிஞ்சே ஏன் இவளை மிரட்டணும்? சாதா உப்பைப் போட்டுட்டீங்க. பெங்களூருக்குப் போனா புரதம் கனமில்லைன்னு தெரிஞ்சிடும். அதனால குப்பி உடையணும், அதுவும் வேறொருத்தர் கையால. இவ விரலைச் சுட்டது பெட்டியில புகைஞ்ச டிரை ஐஸோட கடுங்குளிர்."

ராஜேந்திரன் முகம் வெளிறியது. "தப்பா கலந்துட்டேன் சார். வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

அற்புதம் கண்ணைத் துடைத்தாள். "நான் செத்துருவேன்னு பயந்தனுங்க. எம்புள்ளையும் செத்துருமோன்னு பயந்தேன். உங்களுக்கு வேலைதானுங்களே போவும்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜீப்பை நோக்கி ஓடினாள்.