மூன்றாவது சரிவு

எல்கடுவையில் முச்சக்கர வண்டி நின்றபோது பிற்பகல் மூன்று மணி. தேயிலைத் தோட்டத்துப் பழைய கிளாக்கர் பங்களாவின் சாவியோடு அதன் காவல்காரர் ஞானரட்ணம் காத்திருந்தார். தொலைநோக்கிப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார்.

"ஒரு கிழமைக்கா டீச்சர்?"

"வானம் தெளிஞ்சா நாளைக்கே போயிருவேன் அண்ணன். ஒரு நட்சத்திரத்தப் பாக்கணும்."

"மாத்தளையில தெரியாதா?"

"இப்ப புதுசா போட்ட தெரு லைட்டு விடுதில்ல."

அவர் சிரித்தார்.

ஆதிபா மாத்தளையில் பௌதிகவியல் படிப்பிப்பவள். கணவர் ரவூப் இறந்து ஒன்றரை வருடம். கராம்பு, ஏலம் வியாபாரம் செய்த அவருக்கு ஒரு கோளின் மேல் தீராத பைத்தியம் இருந்தது. எங்கோ தொலைவில், ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் பாறை உருண்டை. பூமியை விடப் பெரியது. பதினெட்டு மணித்தியாலத்தில் அதன் வருடம் முடிந்துவிடும். ஒரு முகத்தில் பாறை உருகிக் கொதிக்கும். மறுமுகம் என்றைக்கும் இருட்டு.

அதை யாரும் கண்ணால் கண்டதில்லை. அது குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி நூறில் ஒரு பங்கு மங்கும். கணினியில் ஒளியின் அளவைக் காட்டி நேராக ஓடும் கோடு சரிந்து மறுபடி எழும். வீட்டு மேல்தளத்திலிருந்து ரவூப் அப்படி இரண்டு சரிவுகளைப் பிடித்திருந்தார். மூன்றாவதையும் பிடித்தால்தான் கணக்குச் சரிவரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவரை, அதற்குள் மாரடைப்பு கொண்டுபோய்விட்டது.

அந்த மூன்றாவதைத் தவிர ஆதிபாவுக்கு இனிச் செய்வதற்கென்று ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு இரவுகள் பனிமூட்டம் விலகவேயில்லை. பங்களாவின் பலகைத் தரை ஈரத்தில் ஊறி நாறியது. பின்பக்கக் கானில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் ஓயாமல் கேட்டது.

மூன்றாம் நாள் பகல், சும்மா இருக்க மாட்டாமல் தொலைநோக்கியின் கமராவைச் சோதித்தாள். உள்ளறை ஜன்னல்களை அடைத்து, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, பற்றரி விளக்கை அதன்மேல் பாய்ச்சினாள். நிமிடத்துக்கு ஒரு படம். கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் கணினியோடு உட்கார்ந்தாள். கோடு நேராக ஓடியது.

பிறகு சரிந்தது.

நான்கு நிமிடம். மறுபடி எழுந்தது.

பற்றரிக் கோளாறு என்று நினைத்தாள். நாற்பது நிமிடம் கழித்து மீண்டும் சரிந்தது. அடுத்தது முப்பதில். அதற்கடுத்தது இருபதில். ஒவ்வொரு பள்ளமும் முந்தியதை விட ஆழம். படங்களைத் திறந்து பார்த்தாள். பூச்சி இல்லை, நிழல் இல்லை. துணி முழுக்க ஒரே சீராக மங்கியிருந்தது.

ஏதோ ஒன்று சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கிட்ட வருகிறது.

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல. அவள் இருக்கும் வீட்டில் இன்னொருவர் நடமாடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எழுந்துபோய், உள்ளறைக் கதவைத் திறந்து, விளக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

மடியில் கிடந்த கைகளின் மேல் வெளிச்சம் மங்கியது. திரும்பி வந்தது.

அவர் உயிரோடிருந்தவரை ஆதிபா அவரைப் பேர் சொல்லி அழைத்ததில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னாள்.

"ரவூப்... நீங்களா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

"நீங்கன்னா, நில்லுங்க."

வெளிச்சம் குறைந்தது.

திரும்பி வரவில்லை.

வலது கன்னத்தில் குளிர் பட்டது. அத்தோடு ஒரு வாடை. எந்நேரமும் கராம்பு மணக்கும் ரவூபின் வாடை அல்ல. வெகுகாலம் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருவது போன்ற வாடை. காதோரத்தில் யாரோ மெல்ல, பழக்கமில்லாத சொல்லை எழுத்துக்கூட்டிப் பார்ப்பதுபோல,

"ர... வூ..."

ஆதிபா குர்ஆனின் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே ஓடினாள். பாதி வசனத்தில் நாக்குக் குழறியது. தொலைநோக்கி, கணினி, செருப்பு எல்லாம் அங்கேயே கிடந்தன. தேயிலைக்குள் இறங்கும் படிக்கட்டில் ஞானரட்ணம் எதிர்ப்பட்டார். அவள் வெறுங்காலைப் பார்த்தார்.

"என்னாச்சு டீச்சர்?"

"சாமான ஆளனுப்பி எடுக்கிறேன் அண்ணன். வீட்டப் பூட்டிருங்க."

மாத்தளைக்கு வந்தும் யாரையும் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். ஒரு ஆளுக்கு உலை வைத்தாள். இரவில் எல்லா விளக்கையும் போட்டபடி படுத்தாள்.

எட்டாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஞானரட்ணம் தொலைபேசியில் கோல் எடுத்தார்.

"சாமான் எடுக்க ஆள் வந்திருக்காரு டீச்சர்."

"நான் யாரையும் அனுப்பலையே."

"ஒங்க வீட்டுக்காரராமே. ரவூப்னு சொன்னாரு."

அவர் யாரிடமோ ஏதோ கேட்பது கேட்டது. பிறகு ஞானரட்ணம் குரலைத் தணித்துப் பேசினார்.

"சாமான் வேணாங்கிறாரு டீச்சர். மாத்தளையில நீங்க எந்தத் தெருவுல இருக்கீங்கன்னு கேக்குறாரு."

இல்லை என்று ஒரு சொல் போதும். அவர் செத்துவிட்டார் என்று சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள். சமையலறையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரே ஒரு நாற்காலி.

"டீச்சர்? இருக்கீங்களா? பாவம், காலையில இருந்து வாசல்லயே நிக்கிறாரு. என்ன சொல்லட்டும்?"