கழித்த வெளிச்சம்

கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியும், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் மட்டும் வெளிச்சம் இருந்தது. அந்தி மஃரிப் தொழுகைக்கான பாங்கு முடிந்து ஆம்பூரே இருண்டு கிடக்க, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத, நிழலே விழாத, வெளுத்த வெளிச்சம். பீரோமேல் படவில்லை, கட்டில்மேலும் படவில்லை. தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து நாள் முழுக்க வீசும் வாடைகூட அந்தச் சந்துக்குள் இல்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த இரம் எட்டி முகர்ந்து பார்த்தாள்.

காட்பாடியில் ஆராய்ச்சி செய்கிறவள் அவள். கூட்டம் கூட்டமாக இருக்கும் கேலக்ஸிகளின் படங்களைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்வது வேலை. வானத்தின் மங்கலான வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து, அதைப் படத்திலிருந்து கழித்துவிட வேண்டும். ஒன்பது நாளாகத் தாராளமாகக் கழித்துத் தள்ளியிருந்தாள்.

போன் அடித்தது. கைடு சோபனா மேடம்.

"இன்னா இரம் பண்ணி வெச்சிருக்க? நீ கழிச்சது வானம் இல்லமா. கேலக்ஸிங்களுக்கு நடுவுல இருக்கற வெளிச்சம். ஒண்ண ஒண்ணு இழுக்கும்போது பிச்சிக்கினு வந்த நட்சத்திரங்க, எந்தக் கேலக்ஸிக்கும் சொந்தமில்லாததுங்க. நமக்கு வேண்டியதே அதான். மொதல்ல எல்லாத்தையும் திரும்ப சேத்துடு."

"சேத்துடறேன் மேடம்."

கழித்ததெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது? போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வெளிச்சம் சந்திலிருந்து வெளியே வந்திருந்தது.

பாயில் விளையாடிக்கொண்டிருந்த இரட்டைச் சடை போட்ட ஐந்து வயது மகள் ஹீனா எழுந்து, கொலுசு சிணுங்க, அதை நோக்கி நடந்தாள்.

"போவாத ஹீனா. இங்க வா."

"அம்மி, இதுங்களுக்கு வீடே இல்லியாம்."

யார் சொன்னது இவளுக்கு? இதைத் துரத்த ஒரே வழிதான். இரம் மடியில் மூடியிருந்த லேப்டாப்பைத் திறந்து விசையைத் தட்டினாள். கழித்தது அத்தனையும் திரும்பச் சேர்ந்தது.

சந்து வெளிச்சம் அணைந்தது. திரையைத் தாண்டி அறை முழுக்க இருட்டு. தோல் வாடை திரும்ப வந்தது. யா அல்லாஹ், என்று மூச்சு விட்டாள்.

"ஹீனா, வாடி கண்ணு."

கொலுசுச் சத்தம் இல்லை.

கரண்ட் வந்தது. பீரோ. கட்டில். நடுவில் யாரும் இல்லை. கதவில் உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி.

கொலுசு சிணுங்கியது. மடியில்.

குனிந்தாள். திரையில், இரண்டு கேலக்ஸிகளுக்கு நடுவே, திரும்பி வந்த மங்கலுக்குள், முன்பு இல்லாத ஒரு துளி வெளிச்சம். இரட்டைச் சடையோடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், மெல்ல மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தது.