சிலிர்த்தால் சம்மதம்

ஆடுகள் ஆட்சிக்கு வந்த கதைதான் உங்களுக்கு முன்பே தெரியுமே! தெரியாதவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லித் தொலைக்கிறேன். அய்யலூர்ச் சந்தையில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. ஆடுகள் அதை நக்கின. பேச்சு வந்தது, புத்தி வந்தது, கூடவே பதவி ஆசையும் வந்தது. இது அதற்கு அடுத்த வருஷத்துக் கதை.

பத்து வயதுப் பொன்னழகுக்கு இந்த ஆட்சி அடியோடு அலுத்துப் போயிற்று. வாசலில் ஒரு செடி வைக்க முடிகிறதா? பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி ஆடு, சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தையே தின்றுவிட்டுப் போனது.

எல்லாவற்றையும்விட அந்தச் சட்டம்தான் பெரிய தலைவலி. முன்பெல்லாம் கோயிலில் கிடா வெட்டுமுன் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்தால், "சம்மதம் குடுத்திருச்சு" என்பார்கள். ஆடுகள் அதை மறக்கவில்லை. எதைக் கேட்டாலும் மனிதர் தலையில் ஒரு செம்பு தண்ணீர்! சிலிர்த்தால் சம்மதமாம். மார்கழிக் குளிரில் யார்தான் சிலிர்க்காமல் இருப்பார்கள்?

ஒருநாள் காலையில் தலைவர் கொம்பையாக் கிடா பொன்னழகு வீட்டு வாசலில் வந்து நின்றார். அவளுடைய ஆறு வயதுத் தம்பி ஒச்சப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பயலைக் குஜிலியம்பாறைக்குக் கூட்டிட்டுப் போறேன். டூரிங் டாக்கீஸ் போஸ்டரை ஏறிக் கிழிச்சுப் போட ஆள் இல்ல. மேல ஒட்டுனது எனக்கு எட்ட மாட்டேங்குது."

கூட வந்த ஆடு செம்பை வாயில் கவ்விக் கவிழ்த்தது. ஒச்சப்பன் வெடவெடவென்று நடுங்கினான்.

"சம்மதம்!" என்றார் கொம்பையா.

"விட்டுருங்க சாமி, பச்சைப்புள்ள!" என்று கும்பிட்டாள் அம்மா பழனியம்மாள்.

"அவன் அழுகுறான். கண்ணு தெரியலையா?" என்றாள் பொன்னழகு.

"அழுகையெல்லாம் சட்டத்துல இல்ல, ஆத்தா. சட்டம் நாங்க செஞ்சதா? உங்ககிட்டப் படிச்சதுதான்."

பொன்னழகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டித் தண்ணீரை ஒரு செம்பு மொண்டாள்.

"தலைவரே, எந்தம்பி இங்கேயே இருக்கட்டும். சம்மதமா?"

சளார்!

கொம்பையா பல்லைக் கடித்தார். காதை மடக்கினார். மூச்சையும் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கொம்பிலிருந்து வால்வரை படபடவென்று சிலிர்த்தார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் எல்லாரும் நனைந்தார்கள்.

"சம்மதம்!" என்று தெருவே கத்தியது.

"ஏய்! நான் எங்க சம்மதிச்சேன்? குளுந்துச்சு, சிலிர்த்தேன்!"

"அதைத்தானே ஒரு வருஷமா நாங்களும் சொல்றோம்!" என்றாள் பொன்னழகு.

கொம்பையாவின் தாடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருக்கவே, பொன்னழகு ஒரு துண்டை எடுத்துவந்து அவர் முதுகைத் துவட்டினாள்.

"இனிமே எங்ககிட்ட வாயால கேளுங்க. நாங்களும் உங்களை அப்படித்தான் கேப்போம். யார் தலையிலயும் தண்ணி வேண்டாம்."

கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, வாயாலயே கேக்குறேன். ஏலே ஒச்சப்பா, எங்கூட வாரியா?"

"மாட்டேன்!" என்றான் ஒச்சப்பன்.

சொல்லிப் பார்த்ததும் அது அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு தடவை சொன்னான்.