தலைக்கு ஒரு பங்கு மூச்சு

புழுதிப்புயலில் செவ்வாய்க் குடியிருப்புக்குக் காற்று தயாரிக்கும் மூச்சாலைகளில் இரண்டு படுத்துவிட்டன. மிச்சமிருந்த காற்றை எல்லாருக்கும் புதிதாகப் பங்கிட வேண்டும். அது ‘உருப்பாலம்’ என்ற மென்பொருளின் வேலை. தரவுக்கிடங்கிலிருந்து ஓர் ஆளின் விவரத்தை வெளியே எடுக்கும், உருவம் கொடுக்கும், கணக்குப் போடும், திரும்பக் கொண்டுபோய் வைக்கும். அப்புறம் அடுத்த ஆள். அந்த மென்பொருள் மகாராசன் எதையும் ஆற அமரத்தான் செய்வான்! கீழைக் கூடத்திலோ பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது. பாலத்தைப் பராமரிக்கும் குழுவில் வேலை பார்த்த பூங்கோதையின் மகளும் அங்கேதான் இருந்தாள்.

“ராயப்பண்ணே, இப்படி ஒவ்வொருத்தரா தூக்கிட்டு வந்தா விடிஞ்சிடும். கிடங்குக்குள்ளேயே பங்கீட்டு நடைமுறை ஒண்ணு எழுதி வச்சிருக்காங்க. பாலம் அதைக் கூப்பிட்டா போதும், உள்ளேயே முடிச்சிடும்” என்றாள் பூங்கோதை.

பாலக்குழுவின் தலைவர் ராயப்பன் பதறினார். பாலத்தைத் தாண்டிக் கிடங்கை நம்பக்கூடாது என்பது அந்தக் குழுவின் வேதவாக்கு.

“குடியேறின காலத்துல எழுதினதும்மா! உள்ள என்ன பூதம் இருக்கோ?”

“படிச்சிட்டேன். பத்து வரிதான். நம்ம பாலத்தோட நிரலைத்தான் இதுவரைக்கும் ஒருத்தரும் முழுசாப் படிச்சதில்ல. என் பிள்ளை திணறுதுண்ணே!”

ராயப்பன் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

உள்நடைமுறையைக் கூப்பிடச் சொல்லி பூங்கோதை பாலத்துக்கு ஒரு கட்டளை எழுதினாள். கூடவே, கையிலிருக்கும் பழைய விவரங்களை மறந்துவிடு என்றும் எழுதினாள். அதை எழுதாமல் விட்டிருந்தால் பாலம் புதுக் கணக்கின்மேல் பழையதையே எழுதித் தொலைத்திருக்கும்.

கண்ணிமைப்பதற்குள் முடிந்தது! ஒலிபெருக்கியில் கீழைக் கூடத்து ஆசிரியை அழுதுகொண்டே சிரித்தார்.

“காத்து வந்துடுச்சு! பசங்க எழுந்து குதிக்கிறாங்க!”

“அடி சக்கை!” என்று ராயப்பன் மேசையைத் தட்டினார். பூங்கோதைக்குக் கண்ணீர் பொங்கியது.

அடுத்த அழைப்பு ஆளுநர் தில்லைநாயகத்திடமிருந்து.

“என்னய்யா பண்ணீங்க? என் மாளிகையில மூச்சு வாங்குது!”

“தலைக்கு ஒரு பங்கு, ஐயா. உள்நடைமுறை அப்படித்தான் பிரிக்குது” என்றாள் பூங்கோதை.

“பாலத்துல முக்கியமான இடங்களுக்கு ரெட்டைப் பங்குன்னு எழுதியிருக்கே! மாளிகைக்கு, அதிகாரிகளுக்கு, ஏன், உங்க அறைக்கும் சேர்த்துத்தான். உடனே பழையபடி மாத்துங்க!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நேரமும் தங்களுக்குச் சந்தோஷத்தில்தான் மூச்சு இரைக்கிறது என்றே நினைத்திருந்தார்கள்.

“மாத்துறதா இல்லைங்க, ஐயா” என்று பூங்கோதை இணைப்பைத் துண்டித்தாள்.

ஒலிபெருக்கியில் பிள்ளைகளின் கூச்சல் ஓயவேயில்லை. ராயப்பன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“நமக்கு மூச்சு வாங்குற இந்தக் காத்துக்கா, அம்மா, அதுங்க இந்தக் குதி குதிக்குதுங்க?”