இடம் தெரியாதவை

எல்லாவற்றையும் வடிகட்டிய பிறகும் மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மீதி இருந்தது.

மத்தியானம் பிடித்த மழை சாயங்காலம் ஆகியும் விடவில்லை. சன்னல் கம்பிகளில் வழிந்து, வாசல் முருங்கை மரத்தை அலசி, சந்தில் ஓடும் சாக்கடைத் தண்ணீரோடு சேர்ந்து அது ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. வீட்டு விளக்கு இரண்டு முறை மங்கி எரிந்ததும், தன் பக்கம் கரண்ட் புகார் ஏதாவது வந்திருக்கிறதா பார்க்கலாமே என்றுதான் சொர்ணலதா லேப்டாப்பைத் திறந்தாள். மைசூரு முழுக்க வரும் கரண்ட் புகார்களைப் புள்ளி புள்ளியாக மேப்பில் காட்டும் டேஷ்போர்டு அது. அதைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் வேலை. தன் வார்டை மட்டும் தேர்ந்தெடுத்தாள். இன்றைய தேதி. சரிசெய்யாதவை. ஓரத்தில் இருந்த எண்ணிக்கைப் பெட்டி பூஜ்யம் என்றது. பூஜ்யம் என்றால் மேப் கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்க வேண்டும். ஆனால் அவள் வார்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், ரிங் ரோட்டுக்கு அப்பால், ஜடையன் கெரே என்ற ஏரியின் நட்டநடுத் தண்ணீரில் அந்தப் புள்ளி உட்கார்ந்திருந்தது.

வேறு எந்த ஏரியாக இருந்தாலும் அவள் கண்டுகொண்டிருக்க மாட்டாள். அந்த ஏரிக்குள் புள்ளிகளைக் கொண்டுபோய்ப் போட்டவளே அவள்தான்.

போனில் புகார் சொல்கிறவர்களின் விலாசம் பிடிபடாவிட்டால் அது 'இடம் தெரியாதவை' என்ற பிரிவில் விழும். இடம் தெரியாத புள்ளியையும் மேப் எங்கேயாவது வைத்தாக வேண்டுமே! முதலில் எல்லாம் ஊர் நடுவில், அரண்மனை வாசலில் போய்க் குவிந்தன. தசரா நெருங்கும்போது அரண்மனை வாசலில் சிவப்பாக மொய்த்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்? யாரும் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடி, ஜடையன் கெரேயின் தண்ணீருக்குள் அவற்றை மாற்றிவிட்டாள். அப்படி விழுந்தவற்றில் பாதிக்கு மேல் தமிழ்க்காரர்களின் புகார்கள். கட்டட வேலைக்கு வந்து, தெருப் பெயரே இல்லாத இடத்தில் தகர ஷெட் போட்டுக் குடியிருப்பவர்கள் விலாசத்துக்கு எங்கே போவார்கள்? பதிவான குரலைக் கேட்டு, திருப்பிக் கூப்பிட்டு, பக்கத்தில் கோயில் இருக்கிறதா, தண்ணி டேங்க் இருக்கிறதா என்று விசாரித்து, புள்ளியைக் கையால் இழுத்துச் சரியான இடத்தில் வைக்க வேண்டியவள் சொர்ணலதா. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துப் பெண், தமிழ் தெரியும் என்பதற்காகவே அவளிடம் கொடுத்த பொறுப்பு அது.

தசரா விளக்கு ஏற்பாடுகளைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்த அன்று, மேலாளர் அருண்ராஜ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, ஏரியில் மொய்த்த சிவப்பைக் கைகாட்டினார்.

"சொர்ணா, கெம்பு கலர் ஜாஸ்தி காணுதும்மா. ஸ்வல்ப கிளீன் பண்ணிக் காட்டு."

'இடம் தெரியாதவை' என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். ஏரி ஒரே நொடியில் சுத்தமானது. அதோடு விட்டிருந்தால் அவள் திரையில் மட்டும்தான் மறைந்திருக்கும். அவசரத்தில் சேமி என்பதையும் அமுக்கிவிட்டாள். எல்லோருக்குமாகச் சேமி. லைன்மேன்கள் கையில் வைத்திருக்கும் போன்களிலும் அந்தப் புகார்கள் அன்றோடு காணாமல் போயின. வந்தவர்கள் போனதும் திருப்பிப் போடலாம் என்று நினைத்தாள், தசரா வேலை தலைக்கு மேல் கிடந்தது, மறந்துபோனாள்.

மறந்துபோனாளாம்! பாப்பம்மாளின் குரலை அவள் அதற்கு முன்பே கேட்டிருந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, பாப்பம்மா பேசறேனுங்க. கரண்டுக் கம்பி அறுந்து, நாங்க தண்ணி புடிக்கிற கொழாய்கிட்டத் தொங்குதுங்க. புள்ளைங்க நடமாடற எடமுங்க. சித்த வந்து பாத்துட்டுப் போங்க சாமி."

பாப்பம்மாள் மறுபடியும் கூப்பிட்டிருந்தாள். அதற்குப் பிறகும் ஒரு தடவை. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடலாம், நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கூப்பிடலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டாள் சொர்ணலதா. இந்தப் புதன்கிழமை கன்னடப் பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. கூலி வேலை செய்யும் பெண், குழாயடியில் மின்சாரம் தாக்கிச் சாவு, பெயர் பாப்பம்மாள். அந்தப் பேப்பரை முருங்கைக்காய்த் தோலோடு சுருட்டிக் குப்பையில் போட்டாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. டிக்கைத் திருப்பிப் போட்டால் இத்தனை நாள் எடுத்து வைத்திருந்தது யார் என்று ஆபீஸில் கேள்வி வரும், அதனால் அதையும் போடவில்லை. ஏரிக்குள் இன்னும் பல பேரின் புகார்கள் கிடப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ராத்திரி சாப்பிட்டாள், படுத்தாள், புரண்டு புரண்டாவது தூங்கினாள். பாவி.

இப்போது இந்தப் புள்ளி.

அதன்மேல் அமுக்கினாள். விவரப் பெட்டி திறந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. பெயர் இல்லை, புகார் எண் இல்லை. நெட் மழையில் மக்கர் பண்ணுகிறது, பழைய படம் அப்படியே நின்றுவிட்டது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, தேதியை நேற்றைக்கு மாற்றினாள். மேப் ஒரு கணம் வெளுத்துத் திரும்பியது. எண்ணிக்கை பூஜ்யம். புள்ளி தண்ணீரில் இல்லை. ஏரிக்கரை மேல் இருந்தது.

அவள் கை மவுஸிலிருந்து தானாக விலகியது. எங்கிருந்தோ பாசி வாடை வந்தது. சாக்கடை நாற்றம் அவளுக்குப் பழக்கம், இது அதில்லை. நின்ற தண்ணீரின் அடியில் நெடுநாள் ஊறிக் கிடந்ததை வெளியே எடுத்தால் வருமே, அந்த வாடை. சன்னலைச் சாத்தினாள். வாடை குறையவில்லை.

தெருவிளக்குப் புகார்கள் மட்டும் என்று மாற்றினாள். புள்ளி ரிங் ரோட்டைத் தாண்டியிருந்தது. சரிசெய்யப்பட்டவை மட்டும் என்றாள். அவள் பேட்டைக்குள் நுழைந்திருந்தது. வடிகட்ட வடிகட்ட மற்றதெல்லாம் விலகி அதற்கு வழி விட்டதை அவள் அப்போதுதான் கவனித்தாள். இனி எதையும் தொடக்கூடாது என்று கைகளை மடிக்குள் இறுக்கிக்கொண்டாள்.

போன் அடித்ததில் நாற்காலியோடு துள்ளிவிட்டாள். அவள் கணவன் ரவிக்குமார், நஞ்சன்கூடு ஃபேக்டரியில் வேலை முடித்து பைக்கில் வந்துகொண்டிருந்தான்.

"லதா, பெட்ரோல் பங்க்ல ஒதுங்கி நின்னேன். மழை கொறஞ்சாப்புல இருக்குது, கெளம்பறேன். நம்ம சந்துல தண்ணி நிக்குதா?"

"மொழங்கால் வரைக்கும் நிக்குதுங்க. பாத்து வாங்க."

"கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது? அழுதயா?"

சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் கத்த மாட்டான். உட்கார வைத்து, முதலில் அந்த டிக்கைப் போடு, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்பான். அவன் அப்படித்தான் சொல்வான் என்று தெரிந்ததுதான் அவள் வாயை அடைத்தது.

"ஒண்ணுமில்லைங்க. டீ போட்டு வெக்கறேன், வாங்க."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதையும் தொடாமலே புள்ளி நகர்ந்திருந்தது. சந்து முனையில் இருந்தது, பால் பூத் பக்கத்தில்.

அப்போது வெளியே எதுவோ கிழிந்தது. பெரிய நீலவெளிச்சம் ஒன்று சன்னல் கண்ணாடியில் பாய்ந்து அணைந்தது. வீடு இருண்டது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் எரிந்தது. அவள் சன்னலுக்கு ஓடினாள். கம்பத்திலிருந்து கம்பி அறுந்து, வாசல் இரும்புக் கேட்டின் மேல் விழுந்து, நுனி தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் அந்த இடத்தில் பொரிந்தது. எதிர்ச்சாரி வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் கம்பியில் கரண்ட் ஓடுகிறது.

ரவிக்குமார் வந்து கேட்டைத்தான் முதலில் பிடிப்பான்.

அவனைக் கூப்பிட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. மழைக்கோட்டுக்குள் இருக்கும் போன் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? புகார் சொல்லும் நம்பருக்கு அடித்தாள். கன்னடத்தில் ஒரு பெண் கேட்டது காதில் ஏறவே இல்லை. கம்பி அறுந்துபோச்சு, எங்க வீட்டுக்காரர் வர்றாரு, சீக்கிரம், சீக்கிரம் என்று தமிழிலேயே கதறினாள். பாதியில் இணைப்பு அறுந்தது, மறுபடி அடித்தால் லைன் கிடைக்கவில்லை. உங்கள் புகார் பதிவாகிவிட்டது என்று மெசேஜ் வந்தது. மேப்பில் தேடினாள். அவள் புகார் எங்கேயும் இல்லை.

எப்படி இருக்கும்? விலாசத்தைத்தான் சொல்லவே இல்லையே. இடம் தெரியாதவை. அவள் மறைத்து வைத்ததற்குள் அவளுடையதும் போய் விழுந்துவிட்டது.

டிக்கைப் போட்டு, தன் புள்ளியை வாசலுக்கு இழுத்து வைத்தால் போதும். எல்லா லைன்மேன் போனிலும் தெரியும், அடுத்த நிமிஷமே இந்தப் பக்கத்து லைனை நிறுத்திவிடுவார்கள். சொர்ணலதா அம்புக்குறியைக் கட்டத்தின் மேல் கொண்டுபோனாள். கொண்டுபோய் நிறுத்தினாள்.

திறந்தால் பாப்பம்மாளும் வெளியே வருவாள். தேதியோடு, குரலோடு. சொர்ணலதா எந்த நாளில் கேட்டாள் என்ற குறிப்போடு.

பங்க்கிலிருந்து வர நேரம் ஆகும், மழையில் அவன் மெதுவாகத்தான் ஓட்டுவான். பாப்பம்மாளுடையதை மட்டும் முதலில் எடுத்துவிடலாம். ஒரு நிமிஷ வேலை. அட கடவுளே, ஒரே ஒரு நிமிஷம்தானே! பாப்பம்மாளின் பெயரைத் தேடினாள். முதல் புகார். அழிக்கட்டுமா, நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆம். அடுத்தது. நிச்சயமாகவா? ஆம். கடைசி. விரல் தவறியது. மறுபடியும். ஆம். ஆம்.

போய்விட்டாள்.

டிக்கைப் போட்டாள். சேமித்தாள்.

ஏரி சிவந்து நிரம்பும் என்று பார்த்தாள். நிரம்பவில்லை. ஏரியில் ஒன்றுமே இல்லை. மைசூரு முழுக்க ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. அது அவள் வீட்டு வாசலில் இருந்தது.

போன் அடித்தது. அவனாக இருக்கும். எண்ணைப் பார்க்காமலே எடுத்தாள்.

"எங்க இருக்கறீங்க? கேட்டத் தொடாதீங்க! கேக்குதா?"

தண்ணீர்ச் சத்தம். அப்புறம் மூச்சு.

"அம்மிணி, எடம் கெடச்சிருச்சுங்க. எழுதிக்கறீங்களா?"

அவள் கண் மேப்பில் இருந்த அந்தப் புள்ளிக்குப் போனது.

"சந்து முனையில பால் பூத்துங்க. பச்சைக் கேட்டு. வாசல்ல முருங்க மரம். தண்ணியிலதான் நிக்கறேனுங்க." குரலில் கோபம் இல்லை. அன்றைக்கு இருந்த அதே பணிவுதான். "தம்பியும் இப்பத்தான் வந்தாரு."

சன்னல். நாலு எட்டு. சுவரைப் பிடித்துப் போனாள்.

பைக் சாய்ந்து கிடந்தது. அதன் முன்விளக்கு தண்ணீருக்கு அடியிலிருந்து மஞ்சளாக எரிந்தது. மழைக்கோட்டோடு ரவிக்குமார் கேட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். விடவில்லை. உடம்பு முழுக்க ஒரே சீராக அதிர்ந்தது. பக்கத்தில் ஈரச்சேலையோடு ஒருத்தி. காதில் போன். இன்னொரு கையை அவன் கைகளின் மேல் வைத்து அழுத்தியிருந்தாள், ரோட்டைக் கடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வதுபோல.

"லதா..." என்றது போன். இப்போது அவன் குரல். "ஹலோ... லதா... கேக்குதா?"

சந்து முனை திரும்பி, முழங்கால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, இன்னும் ஆட்கள் வந்தார்கள். ஆண்கள், பெண்கள், உடம்பெல்லாம் ஏரிப் பாசி. எல்லோர் காதிலும் போன் வெளிச்சம். ஒருவரும் அவசரப்படவில்லை. அவர்களுக்கு முன்னால், கேட்டைப் பிடித்த கையை விடாமல், கண்ணை இமைக்காமல், ரவிக்குமார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.