நிழலி எழுதிய தேர்வு

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு மதிப்பெண்களுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தேர்வு என்று ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்வு நடந்தே ஒன்பது வருஷமாகிறது. ஆனாலும் முடிவு வரும், பட்டியல் வரும். பட்டியலின் கீழே ஒரு மனிதக் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் சொல்வதால் நானும் வருகிறேன்.

மென்பொருள் பொறியியல் துறையில் பிழைதேடல் பாடத்துக்குப் பொறுப்பு நான், எஸ்தர் ராணி. நிரல்களை இப்போது இயந்திரங்களே எழுதிக்கொள்கின்றன. அவை எங்கே சறுக்கின என்று கண்டுபிடிக்கத்தான் பொறியாளர்கள். அதைக்கூட நான் சொல்லிக்கொடுப்பதில்லை, 'வழித்துணை' என்ற கற்றல் தளம் சொல்லிக்கொடுக்கிறது. பிள்ளைகள் விடுதியில் படுத்துக்கொண்டே படிக்கிறார்கள். நான் மூன்றாவது மாடியில் ஒரு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

தேர்வு இல்லாமல் மதிப்பெண் எப்படி என்று கேட்கலாம். முதல் வருஷத்திலிருந்தே ஒரு மாணவி எங்கே தயங்குகிறாள், எதை அழிக்கிறாள், எந்தத் தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள் என்று வழித்துணை பார்த்துக்கொண்டே இருக்கும். அதை வைத்து அவளைப் போலவே யோசிக்கும் ஒரு நிழலியை உண்டாக்கும். தேர்வை நிழலி எழுதும், நான்கு நொடியில். பிள்ளைகளுக்குப் பயமில்லை, எங்களுக்குத் திருத்தும் வேலை இல்லை. எல்லாரும் கைதட்டித்தான் வரவேற்றோம், நானும்தான்.

அன்று நூற்று நாற்பதாவது பெயரில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஒரு பெண் நின்றாள். லிஃப்ட் ஓடி ஆறு மாதம் ஆகிறது.

"மேம், நான் இசக்கி. மூணாம் வருஷம். எனக்கு நாப்பத்தொண்ணு போட்டிருக்கு."

ஐம்பது வேண்டும். பிழைதேடலில் தேறாதவர்களுக்கு இறுதியாண்டு கிடையாது, மூட்டை கட்ட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டப்படும்.

"நிழலி போட்டா போட்டதுதாம்மா," என்றேன். இந்த வாக்கியம் யோசிக்காமலே என் வாயில் வரும்.

"அது நானில்ல மேம். நேர்த்தேர்வு வச்சுப் பாருங்க."

அப்படி ஒரு விதி உண்டு. ஆசிரியர் ஒப்புக்கொண்டால் மாணவியை நேரில் உட்காரவைத்துத் தேர்வு நடத்தலாம். வினாத்தாள் தயாரிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் காவல் இருக்க வேண்டும், திருத்த வேண்டும், அப்புறம் தேர்வுக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நினைத்தாலே தலை வலிக்கும்.

"நீயில்லைன்னா வேற யாரு?"

"சொன்னா ஒரு வருஷம் வெளிய அனுப்பிருவாங்க."

"சொல்லுட்டி. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல."

"காலைல எல்லாரும் ஒண்ணா உள்ள போனா விடுதியில தளம் திணறும் மேம். அதனால அறைக்கு ஒருத்தி மட்டும் லாகின் பண்ணுவோம். நான்தான் மொத எந்திரிப்பேன். நல்லாத் தெரிஞ்ச பாடத்தை என் ரூம்ல இருக்க மத்த ரெண்டு பேரும் சாயங்காலம் அவங்கவங்க லாகின்ல எழுதுவாளுக. தெரியாததையெல்லாம் காலைல என்னோடதுல பழகிப் பாப்பாளுக."

"அட அறிவுகெட்டவளே! மூணு பேரோட தப்பும் உன் தலையிலயா?"

"அவளுக எழுபது வாங்கிட்டாளுக மேம்," என்று சொன்னவள் அழ ஆரம்பித்தாள். மூன்று பேரில் முதலில் எழுந்தவள் தோற்றிருக்கிறாள்.

"இதை மொதல்லயே மனுவா எழுதிப் போட்டிருக்கலாம்ல?"

"மூணு தடவை போட்டேன் மேம். ஒரு நிமிஷத்துலயே நீங்க நிராகரிச்சிட்டீங்க."

"நானா? மூணு வருஷமா ஒரு மனுகூட வரலையே!"

பதிவேட்டைத் திறந்தேன். மொத்தம் பத்தொன்பது மாணவர்களின் மனுக்கள், அத்தனையும் நிராகரிப்பு. முதல் ஐந்தை நிராகரித்தது நான். எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஒன்றைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. அலுப்பு, வேறொன்றும் இல்லை. ஆறாவது மனுவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரில் சின்னதாக ஒரு குறிப்பு இருந்தது: 'ஆசிரியரின் நிழலி முடிவெடுத்தது.'

ஆண்டவரே! அந்த ஐந்தைப் பார்த்தே எனக்கும் ஒரு நிழலி உண்டாகியிருக்கிறது. மூன்று வருஷமாக என் அறைக்கு யாரும் அழுதுகொண்டு வரவில்லையே என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அது என்ன தப்பு செய்தது? நான் எப்படிச் செய்வேனோ அப்படியேதான் செய்திருக்கிறது.

"உக்காரு," என்றேன் இசக்கியிடம்.

ஒரு மருத்துவமனையின் மருந்து வழங்கும் நிரலைக் கொடுத்தேன். ஒன்பது பிழைகளை நானே ஒளித்துவைத்தேன். அதைச் செய்யவே ஒரு மணி நேரம் ஆனது, பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவள் நகத்தைக் கடித்தாள், முனகினாள், ஒருமுறை மேசையைக்கூடத் தட்டினாள். இரண்டு மணி நேரத்தில் ஏழு பிழைகளைக் கண்டுபிடித்தாள். எட்டாவதாக அவள் காட்டியது நான் வைக்காத ஒன்று, அந்த நிரலில் ஏற்கெனவே இருந்தது. எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

எழுபத்தெட்டு என்று பதிந்தேன். வழித்துணை உடனே கேட்டது: 'விடைகள் இந்த மாணவியின் இயல்புடன் பொருந்தவில்லை. எழுதியவர் இவர்தான் என்று ஆசிரியர் உறுதி கூறுகிறாரா?'

"நான் நானில்லையாமா மேம்?" என்றாள் இசக்கி.

"அது கெடக்கு," என்று சொல்லிவிட்டு, உறுதி கூறிக் கையெழுத்தும் போட்டேன்.

திரை கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு எழுத்துகள் வந்தன: 'இந்தக் கையெழுத்து பேராசிரியர் எஸ்தர் ராணியின் இயல்புடன் பொருந்தவில்லை. அவரது நிழலியின் முடிவே செல்லும்: நிராகரிப்பு. ஆசிரியரின் இயல்பை மறுமதிப்பீடு செய்ய, நேர்த்தேர்வு நடத்திய பதிவுகள் இன்னும் பதினெட்டு தேவை.'

இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரே ஒருநாள் கொஞ்சம் அக்கறை காட்டினேன், ஆள் மாறிவிட்டது என்கிறது.

இசக்கி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "பரவால்ல மேம். நீங்க வச்சுப் பாத்தீங்கள்ல, அது போதும்."

"என்ன போதும்? உக்காருட்டி."

எழுந்தவளை உட்காரவைத்துவிட்டேனே தவிர, எனக்கு வழி தெரியவில்லை. பதிவேடு திறந்தே இருந்தது. பத்தொன்பதில் இசக்கியைக் கழித்தால் பதினெட்டுப் பேர். பழைய மனுக்கள் ஐந்து வருஷம் வரை உயிரோடு இருக்கும். இசக்கிக்கு நான் போட்ட கையெழுத்து செல்ல வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதினெட்டுப் பேரையும் இந்த மூன்றாவது மாடிக்கு வரவழைத்துத் தேர்வு நடத்த வேண்டும். யார் தேறுவார்கள், யார் தேறமாட்டார்கள் என்பது வேறு விஷயம். உட்காரவாவது வைக்க வேண்டும். என் முழங்கால் இப்போதே வலித்தது.

"மொதப் பேரு யாரு?"

"மாசானமுத்து, மேம்."

போனில் அழைத்தேன். பின்னால் பேருந்துகளின் இரைச்சல் கேட்டது. அவனுக்கு இப்போது டிப்போவில் பேருந்துகளுக்கு மின்னேற்றும் வேலையாம்.

"நேர்த்தேர்வா? இப்ப எதுக்கு மேம்? எனக்கு வராதுன்னு நிழலிக்குத் தெரிஞ்சுதானே முப்பத்தாறு போட்டுச்சு. நானும் அப்படியே நம்பி விட்டுட்டேன்."

"உன் மனுவை நிராகரிச்சது நான்தாம்ப்பா. படிக்கக்கூட இல்ல. அன்னைக்கு எனக்கு அலுப்பா இருந்துச்சு. தப்பு என்னுது."

எங்கோ ஒதுங்கி நடந்தான் போல, இரைச்சல் குறைந்தது.

"மேம்... நெசமாவே நீங்கதானா பேசுதீங்க? எஸ்தர் மேடம் இப்படிப் பேச மாட்டாங்களே."

இசக்கி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆமாம், நான்தான்' என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை.

"தெரியலப்பா. எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. நீ வியாழக்கிழமை காலைல வா, வந்து நேர்ல பாத்துக்கோ."

ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எத்தனாவது மாடி மேம்?"

"மூணாவது," என்றேன். "லிஃப்ட் ஓடாது."